ஸ்பானிய மொழி பேசும் நாட்டில் ஆங்கிலம் கற்பிக்க என்னென்ன தகுதிகள் வேண்டும்?

மதில்மேல் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஸ்பானிய மொழி பேசும் நாடு ஒன்றில் ஆங்கில ஆசிரியையாகப் பணிபுரிய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும், அதன்பின் பி.எட். பட்டமும் பெற்றிருக்கிறேன். கடந்த ஆறு ஆண்டுகளாக ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலப் பாடம் எடுத்து வருகிறேன். வயது 31. என்னிடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டு.

முதலில் ஸ்பெயினை மட்டுமே நினைத்திருந்தேன். பிறகு மெக்சிகோ, கொலம்பியா, சிலி ஆகிய நாடுகளிலும் வாய்ப்புகள் இருப்பதாகப் படித்ததால், எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பது என்பதில் குழப்பம் ஏற்பட்டுவிட்டது. இணையத்தில் தேடினால், 120 மணி நேர டெஃபல் சான்றிதழை வீட்டிலிருந்தபடியே முடிக்கலாம், அதைக் கொண்டு உலகின் எந்த மூலையிலும் வேலை பெறலாம் என்னும் விளம்பரங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றுக்குப் பணம் கட்டும் நிலைக்கு வந்துவிட்டேன். கட்டுவதற்கு முன் அனுபவமுள்ளவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

அந்தச் சான்றிதழ் உண்மையிலேயே போதுமா? என் பட்டங்களுக்கு அங்கே மதிப்பு உண்டா? ஸ்பானிய மொழியை முன்கூட்டியே கற்றுக்கொள்ள வேண்டுமா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவரை அங்கே ஆங்கில ஆசிரியராக ஏற்றுக்கொள்வார்களா? நேரில் சென்று பணிபுரிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.


மாலை வகுப்பு எழுதியது:

சகோதரி, பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று. நான் ஸ்பெயினில் ஒன்பது ஆண்டுகளாக மொழிப் பயிற்சி நிலையங்களில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இவற்றை அங்கே அகாதெமியா என்பார்கள்.

தகுதி என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. உங்களுக்கு வகுப்பு நடத்தத் தெரியுமா என்பதை வேலை தருபவர் கேட்கிறார். உங்கள் ஆங்கிலம் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அவரே கேட்கிறார். உங்கள் பட்டம் இந்த நாட்டில் செல்லுமா என்பதைக் கல்வித் துறை கேட்கிறது. இங்கே வேலை செய்ய உங்களுக்கு உரிமை உண்டா என்பதைக் குடியேற்றத் துறை கேட்கிறது. நீங்கள் சொல்லும் அந்த இணையவழிச் சான்றிதழ், முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் அரைகுறையாகத்தான் பதில் சொல்கிறது. மற்ற மூன்றையும் அது தொடுவதே இல்லை.

டெஃபல் என்பது குறிப்பிட்ட ஒரு தேர்வின் பெயர் அன்று. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல் என்னும் தொழிலின் பெயர். ஆகவே எந்த நிறுவனமும் அந்தப் பெயரில் சான்றிதழ் அச்சடித்துத் தரலாம். தொழிலில் இருப்பவர்கள் பெயர் சொல்லிக் கேட்கும் சான்றிதழ்கள் இரண்டு: கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு அமைப்பு வழங்கும் செல்டா, லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட் டெசால். இரண்டும் பிரித்தானியத் தகுதி அட்டவணையில் ஐந்தாம் நிலையில் உள்ளவை. இரண்டிலும் உண்மையான மாணவர்கள் முன்னிலையில் ஆறு மணி நேரம் நீங்கள் பாடம் நடத்தியாக வேண்டும். பயிற்றுநர் ஒருவர் அதை முழுவதும் உட்கார்ந்து கவனித்து மதிப்பிடுவார். செல்டாவில் இதோடு நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவரும் வந்து பார்ப்பார். முழுநேரமாகச் சேர்ந்தால் நான்கு அல்லது ஐந்து வாரங்களில் முடிந்துவிடும். அந்த வாரங்களில் வேறெந்த வேலையும் செய்ய இயலாது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் செல்டாவை முழுவதும் இணையவழியிலும் நடத்துகிறார்கள், ஆனால் அங்கும் மாணவர்கள் உண்டு, கவனிக்கும் பயிற்றுநரும் உண்டு. ஆகவே ஒரு படிப்பு இணையவழியில் நடப்பது அதற்குக் குறையன்று. யாரும் உங்களைக் கவனிக்காமலேயே சான்றிதழ் கையில் கிடைத்துவிடுவதுதான் குறை.

இந்தப் பயிற்சி முறைக்கும் ஸ்பெயினுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. ஜான் ஹேக்ராஃப்டும் அவர் மனைவி பிரிட்டாவும் 1953-இல் கோர்தோபா நகரில் ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார்கள். பின்னர் லண்டன் திரும்பி இன்டர்நேஷனல் ஹவுஸ் நிறுவனத்தை நடத்தினார்கள். அங்கே 1962-இல் ஹேக்ராஃப்ட் தொடங்கிய குறுகிய கால ஆசிரியர் பயிற்சிதான் வளர்ந்து செல்டாவாக மாறியது. வகுப்பில் தினமும் நின்றவர்கள், வகுப்பில் எது நடக்கிறது என்பதைப் பார்த்து உருவாக்கிய படிப்பு என்பதால்தான் அதன் மையத்தில் இன்றும் அந்த ஆறு மணி நேரம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஆறு மணி நேரத்தில் என்ன கிடைக்கும் என்பதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். நானும் உங்களைப் போலவே சில ஆண்டுகள் பள்ளியில் கற்பித்துவிட்டுத்தான் அந்தப் பயிற்சிக்குப் போனேன். முதல் வகுப்பில் நிகழ்கால முற்றுவினையை விளக்கினேன். கரும்பலகை நிறைய எழுதினேன், நன்றாகத்தான் விளக்கினேன் என்று நம்பினேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த பயிற்றுநர், வகுப்பு முடிந்ததும் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். இடப்பக்கம் நான் பேசிய நிமிடங்களும் வலப்பக்கம் மாணவர்கள் பேசிய நிமிடங்களும் குறிக்கப்பட்டிருந்தன. நாற்பது நிமிட வகுப்பில் முப்பத்தொரு நிமிடம் நானே பேசியிருந்தேன். அதன் அடியில், "புரிந்ததா என்று பதினான்கு முறை கேட்டீர்கள், பதினான்கு முறையும் புரிந்தது என்றார்கள்" என்று எழுதியிருந்தார். அடுத்த வகுப்பில், "நான் இங்கே மூன்று ஆண்டுகளாக வசித்து வருகிறேன்" என்னும் ஆங்கில வாக்கியத்தை எழுதிவிட்டு, "நான் இப்போது இங்கே வசிக்கிறேனா, இல்லையா?" என்று மட்டும் கேட்டேன். வகுப்பில் பாதிப் பேர் இல்லை என்றார்கள். அன்றுதான் அவர்களுக்கு எது புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆறு ஆண்டு அனுபவம் உள்ள உங்களுக்கும் இது வீணாகாது. தேர்வுக்காகப் பாடம் நடத்தும் பழக்கமும், பேச வைப்பதற்காகப் பாடம் நடத்தும் பழக்கமும் வேறு வேறு.

ஸ்பெயினின் அகாதெமியாக்களில் பெரும்பாலான வேலை, கேம்பிரிட்ஜின் பி1, பி2, சி1 தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார் செய்வதுதான். ஏ1 தொடக்கம், சி2 உச்சம் என்று மொழித்திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலின் நிலைகள் இவை. பட்டம் பெறுவதற்கும் அரசு வேலைக்கும் அந்த நிலைச் சான்றுகள் தேவைப்படுவதால் கூட்டம் குறைவதில்லை. அந்தத் தேர்வுகளின் வினாத்தாள் அமைப்பை நீங்கள் அறிந்து வைத்திருப்பது, நேர்காணலில் சான்றிதழுக்கு இணையாக எடை பெறும்.


வரைவாளர் எழுதியது:

மேலே நண்பர் சொன்னது முழுக்கச் சரி. ஸ்பெயினின் சட்டப் பக்கத்தை மட்டும் நான் சேர்க்கிறேன். செல்டா முடித்துவிட்டு இந்தப் பக்கத்தில் வந்து முட்டிக்கொள்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அகாதெமியாவில் கற்பிப்பதற்கு இன்ன பட்டம்தான் வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துவதில்லை. அது முதலாளியின் விருப்பம். பள்ளி என்று வந்துவிட்டால் கதை வேறு. அரசுப் பள்ளியில் நிரந்தர ஆசிரியராக வேண்டுமானால் ஒப்போசிசியோனெஸ் எனப்படும் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அதற்கு ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமையே முதல் நிபந்தனை என்பதால் நம்மில் பெரும்பாலோர்க்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் தனியார் பள்ளிகளிலும் உயர்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க, உங்கள் பட்டம் ஸ்பானியப் பட்டத்துக்கு இணையானது என்று ஏற்கப்பட வேண்டும். அதோடு, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே உள்ள முதுகலைப் பயிற்சிப் படிப்பையும் முடித்திருக்க வேண்டும். உங்கள் பி.எட். தானாகவே அதற்கு ஈடாகிவிடாது. இந்தப் பட்ட இணையாக்கத்தை அங்கே ஓமொலொகாசியோன் என்பார்கள். அதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் காலத்தை மாதங்களில் கணக்கிட வேண்டாம். ஆண்டுகளில் கணக்கிட்டுத் திட்டமிடுவதே பாதுகாப்பு.

அடுத்தது வேலை அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை வேலைக்கு அழைக்க விரும்பும் முதலாளி, உள்நாட்டிலும் ஒன்றியத்துக்குள்ளும் அந்த வேலைக்குத் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்பதைப் பொதுவாக நிறுவியாக வேண்டும். ஒரு சிறிய அகாதெமியா இந்தப் பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வது மிக அரிது. ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியதால் 2021 முதல் பிரித்தானியர்களுக்கும் இதே நிலைதான் என்பதைச் சொன்னால், இது நம் கடவுச்சீட்டுக்கு மட்டும் நேர்ந்த தடை அன்று என்பது விளங்கும்.

எனவே நடைமுறையில் இரண்டு வழிகளே திறந்திருக்கின்றன. ஒன்று, பல்கலைக்கழகம் போன்ற உயர்கல்வி நிறுவனத்தில் சேர்ந்து மாணவர் அனுமதியில் போவது. அப்படிப் போகிறவர்கள் படிப்புக்கு இடையூறில்லாமல் வாரத்துக்கு 30 மணி நேரம் வரை வேலை செய்யலாம். மற்றொன்று, ஸ்பானியக் கல்வி அமைச்சகம் நடத்தும் உரையாடல் உதவியாளர் திட்டம். இதில் சேர்ந்தவர்களை அவுக்ஸிலியார் என்பார்கள். அக்டோபர் முதல் மே வரை அரசுப் பள்ளிகளில் வகுப்பாசிரியருக்குத் துணையாக நிற்க வேண்டும். வாரத்துக்கு 14 மணி நேரத்துக்கு மாதம் 800 யூரோவும், 2004 முதல் இருமொழிப் பள்ளித் திட்டத்தை நடத்திவரும் மாட்ரிட் மாநிலத்தில் 16 மணி நேரத்துக்கு 1,000 யூரோவும் உதவித்தொகையாகக் கிடைக்கும். இதற்குக் கற்பித்தல் சான்றிதழே தேவையில்லை; பட்டமும், தாய்மொழிக்கு நிகரான ஆங்கிலமும், தகுதியுள்ள நாட்டின் குடியுரிமையும் போதும். எந்தெந்த நாட்டினர் விண்ணப்பிக்கலாம் என்பதை ஒவ்வோர் ஆண்டும் அறிவிக்கையோடு வெளியிடுவார்கள்; அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் மாத உதவித்தொகை கைக்கு வரத் தாமதமாகக்கூடும் என்பதால், இரண்டு மாதச் செலவுக்கான பணத்தைக் கையோடு கொண்டு போவது நல்லது.

ஆவணங்களில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஸ்பெயினில் சிறுவர்களோடு பணிபுரியும் எவரும், பாலியல் குற்றப் பதிவு எதுவும் தம் மீது இல்லை என்னும் சான்றைத் தந்தே ஆக வேண்டும்.  இது தவிர, விசாவுக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்றும், பட்டச் சான்றும் அப்போஸ்டில் முத்திரையோடு வேண்டும்; ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகள் ஏற்கும்படி அரசு இடும் முத்திரை அது. இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருப்பதால், மாநில அரசின் சான்றொப்பம் பெற்றபின் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை போதும். தூதரகம் தூதரகமாக அலைய வேண்டியதில்லை. ஆனால் வரிசை முக்கியம். நான் முதலில் பட்டச் சான்றை மொழிபெயர்த்துவிட்டு, பிறகு அப்போஸ்டில் வாங்கினேன். விசா மனுவை வாங்கிய அதிகாரி தாளைத் திருப்பி, பின்பக்கம் ஒட்டியிருந்த அப்போஸ்டில் சீட்டின் மேல் விரலை வைத்து, "இதற்கு மொழிபெயர்ப்பு எங்கே?" என்று கேட்டார். முத்திரையையும் சேர்த்தே மொழிபெயர்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மொத்தத்தையும் மறுபடி மொழிபெயர்த்து முடிப்பதற்குள் நன்னடத்தைச் சான்றின் காலம் கடந்துவிட, அதையும் புதிதாக வாங்க நேர்ந்தது. ஆகவே முதலில் அப்போஸ்டில், அதன் பிறகே ஸ்பானிய வெளியுறவு அமைச்சகம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளர்.


மலைநாட்டான் எழுதியது:

ஸ்பெயினைப் பற்றி விரிவாகவே எழுதிவிட்டார்கள். உங்கள் கடவுச்சீட்டையும் உங்கள் பி.எட். பட்டத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, இலத்தீன் அமெரிக்காவை இரண்டாம் தெரிவாக அல்லாமல் முதல் தெரிவாகவே நீங்கள் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. நான் முதலில் மெக்சிகோவிலும், பிறகு கொலம்பியாவிலும் பணிபுரிந்தவன்.

மெக்சிகோவில் ஒரு பள்ளியோ பயிற்சி நிலையமோ அயல்நாட்டவரை வேலைக்கு எடுக்க வேண்டுமானால், தேசியக் குடியேற்ற நிறுவனத்தில் அது முதலில் வேலை வழங்குநராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு உள்ள நிறுவனம் உங்களுக்காக விண்ணப்பித்து ஒரு வழக்கெண் பெறும். அந்த எண்ணோடு நீங்கள் மெக்சிகோ தூதரகத்தில் நேர்காணலுக்குச் செல்வீர்கள். நாட்டுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் விசாவை வசிப்பிட அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே வேலை தருகிறோம் என்று சொல்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி சம்பளம் அன்று. அந்தப் பதிவுச் சான்று அவர்களிடம் இருக்கிறதா என்பதே. பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். சுற்றுலாவாக வந்துவிடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவரை நம்பி என்னோடு தங்கியிருந்த ஒருவர், நான்கு மாதம் பாடம் எடுத்துவிட்டு, கடைசி மாதச் சம்பளத்தைக் கேட்கக்கூட வழியில்லாமல் திரும்பினார்.

மெக்சிகோவில் செல்டாவைத் தவிர கேம்பிரிட்ஜின் டி.கே.டி. தேர்வும் பரவலாக அறியப்பட்டது. கற்பித்தல் பற்றிய அறிவைச் சோதிக்கும் எழுத்துத் தேர்வு அது. தேர்ச்சி, தோல்வி என்று கிடையாது, நான்கு நிலைகளில் ஒன்றைத் தருவார்கள். செலவும் குறைவு. ஆனால் வகுப்பு நடத்துவதை அது சோதிப்பதில்லை என்பதால், செல்டாவுக்கு மாற்றாக அதைக் கருத வேண்டாம்; ஏற்கெனவே அனுபவம் உள்ள உங்களைப் போன்றவர்களுக்கு அது நல்ல துணைச் சான்று.

கொலம்பியாவில் வேலை ஒப்பந்தம் கிடைத்தபின் எம் வகை விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கேயும் பெருவிலும் சிலியிலும், அமெரிக்கப் பண்பாட்டு உறவுக்காகத் தொடங்கப்பட்ட பழைய மொழி மையங்கள் இருக்கின்றன: பொகோட்டாவில் 1942-இல் தோன்றிய கொலம்போ அமெரிக்கானோ, லிமாவில் 1938-இல் தோன்றிய இக்பினா போன்றவை. இத்தகைய மையங்களில் பாடத்திட்டமும் ஆசிரியர் பயிற்சியும் ஒழுங்காக இருப்பதால், முதல் வேலைக்கு ஏற்றவை. இவை தவிர, ஒவ்வொரு பெரிய நகரத்திலும் இருமொழித் தனியார் பள்ளிகள் உண்டு. அங்கேதான் உங்கள் பி.எட். பட்டமும், எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பித்த ஆறு ஆண்டுகளும் பேசும். பயிற்சி நிலையங்கள் செல்டாவைத் தேடுகின்றன, பள்ளிகள் ஆசிரியப் பட்டத்தையும் பள்ளி அனுபவத்தையும் தேடுகின்றன. இரண்டாவது கூட்டத்தில் போட்டி குறைவு, சம்பளம் கூடுதல், விசா வேலையைச் செய்து பழகிய அலுவலகமும் இருக்கும்.

சிலியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முன்பு சுற்றுலாவாக நுழைந்து வேலை தேடிக்கொண்டு, அங்கிருந்தபடியே அனுமதியை மாற்றிக்கொண்டவர்கள் பலர். 2022 பிப்ரவரியில் புதிய குடியேற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் பொதுவாக அந்த வழி அடைபட்டுவிட்டது. வெளியிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு ஏமாறாதீர்கள்.

அர்ஜென்டினாவை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். அங்கே ஆங்கில ஆசிரியர் ஆவதற்கென்று நான்கு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. பியூனஸ் அயர்ஸின் லெங்குவாஸ் பீபாஸ் போன்ற கல்லூரிகளில் ஒலியியலும் இலக்கணமும் மிகக் கடுமையாகக் கற்பிக்கப்படுகின்றன. அவ்வளவு தேர்ந்த உள்ளூர் ஆசிரியர்கள் இருக்கும் நாட்டில், அயல்நாட்டவருக்கு உரையாடல் வகுப்புகளுக்கு மேல் இடம் கிடைப்பது கடினம்.


கடலோரம் எழுதியது:

காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஸ்பெயினில் ஆள் எடுப்பது செப்டம்பரில். ஜூனில் வகுப்புகள் முடிந்துவிடும், கோடையில் பல இடங்களில் சம்பளம் கிடையாது. மெக்சிகோவில் பள்ளி ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் தொடங்குகிறது. பெருவிலும் சிலியிலும் மார்ச்சில் தொடங்குகிறது. கொலம்பியாவில் இரண்டு நாட்காட்டிகள் உண்டு, பெரும்பாலான பள்ளிகள் ஆண்டுத் தொடக்கத்திலும், பன்னாட்டுப் பாடத்திட்டம் பின்பற்றும் தனியார் பள்ளிகள் பல ஆகஸ்டிலும் தொடங்குகின்றன. விசாவுக்கு ஆகும் மாதங்களைப் பின்னோக்கி எண்ணி விண்ணப்பியுங்கள்.


மதில்மேல் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பணம் கட்டுவதை நிறுத்திவிட்டேன். மலைநாட்டான் ஐயா சொன்ன இருமொழிப் பள்ளிகளைப் பற்றி நான் நினைத்தே பார்த்ததில்லை. கொலம்பியாவையும் மெக்சிகோவையும் முதன்மையாக வைத்துத் தேடத் தொடங்கியிருக்கிறேன். ஆனால் விளம்பரங்களைப் பார்த்தால், தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர் மட்டும் விண்ணப்பிக்கவும் என்ற வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. அது மனத்தை மிகவும் தளர்த்துகிறது. ஸ்பானிய மொழி பற்றிய என் கேள்விக்கும் யாராவது பதில் சொன்னால் நன்றாக இருக்கும்.


சொல்லேர் எழுதியது:

அந்த வரியைப் பார்த்து மனம் தளர வேண்டாம் அம்மா. அது இருக்கிறது, வலிக்கும், சில கதவுகளை மூடவும் செய்யும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆங்கில ஆசிரியர்களின் பன்னாட்டுச் சங்கமான டெசால், தாய்மொழியை வைத்து ஆசிரியரைத் தேர்வு செய்வது தவறு என்று 2006-இலேயே எழுத்துபூர்வமாக அறிவித்துவிட்டது. செல்டாவும் தாய்மொழியைக் கேட்பதில்லை. ஐரோப்பிய அளவுகோலில் சி1 நிலையின் மேல்படியோ சி2 நிலையோ இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆகவே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கேம்பிரிட்ஜின் சி2 தேர்வையோ ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வையோ எழுதி, உயர்ந்த மதிப்பெண்ணைத் தன்விவரக் குறிப்பின் முதல் வரியிலேயே போடுங்கள். நான் பொகோட்டாவில் வேலை தேடியபோது, அந்த வரி இருந்த விளம்பரங்களுக்கும் விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கு அழைத்த மூன்று பள்ளிகளில் இரண்டு, அந்த வரியைப் போட்ட பள்ளிகள்தான்.

தமிழ் பேசுபவர் என்பதால் உங்களுக்கு வகுப்பில் கிடைக்கும் பலம் ஒன்று உண்டு. அதை இதுவரை யாரும் சொல்லவில்லை. ஸ்பானிய மாணவர்கள் ஸகரத்தோடு மெய்யெழுத்து சேர்ந்து தொடங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு முன்னால் ஓர் எகரத்தைச் சேர்ப்பார்கள். ஸ்கூல் என்பது எஸ்கூல் ஆகிவிடும். நம் ஊர்ப் பேச்சில் அது இஸ்கூல் ஆவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நோய் ஒன்றுதான் என்பதால் மருந்தும் உங்களுக்குத் தெரியும். ஸ்பானிய மொழியில் உயிரெழுத்துகளுக்குக் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. அதனால் கப்பலுக்கும் ஆட்டுக்கும் உரிய ஷிப், ஷீப் என்னும் இரண்டு சொற்களும் அவர்கள் வாயில் ஒன்றாகவே ஒலிக்கும். இகரமும் ஈகாரமும் சொல்லிப் பழகிய நமக்கு அந்த வேறுபாட்டைக் காதிலேயே காட்ட முடியும். நான் பலகையில் ஒரு சிறு கோடும் ஒரு நீண்ட கோடும் வரைந்து, நீட்டும் நேரத்தைக் கைதட்டிக் காட்டுவேன். இரண்டின் வேறுபாடு நீளம் மட்டுமன்று, நா நிற்கும் இடமும் மாறும். ஆனால் தொடங்குவதற்கு நீளமே எளிய வாசல்.

இலக்கணத்திலும் அப்படித்தான். "எனக்குக் காப்பி பிடிக்கும்" என்று நாம் சொல்வதை அவர்களும் கிட்டத்தட்ட அதே அமைப்பில், மே குஸ்தா எல் கஃபே என்றுதான் சொல்கிறார்கள். "எனக்குத் தலை வலிக்கிறது" என்பதும் அப்படியே. எனக்கு என்பதிலிருந்து ஆங்கிலத்தின் நான் என்பதற்குத் தாவுவதில் ஒரு தொடக்கநிலை மாணவருக்கு எங்கே கால் இடறும் என்பதை, அதே இடத்தில் இடறி எழுந்த ஆசிரியரால் முன்கூட்டியே சொல்ல முடியும். மாறாக, வயதைச் சொல்லும்போது அவர்கள் "என்னிடம் இருபது ஆண்டுகள் இருக்கின்றன" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் சொல்வார்கள். அது நமக்குப் புதிது. ஒருமுறை முப்பது வயதைக் கடந்த பொறியாளர் ஒருவர், தம் மனைவி கருவுற்றிருப்பதாக ஆங்கிலத்தில் சொல்ல முயன்று, எம்பராஸாதா என்னும் ஸ்பானியச் சொல்லையே வளைத்து எம்பரஸ்டு என்றார். ஆங்கிலத்தில் அது கூச்சப்படுதலைக் குறிக்கும் சொல் என்பதை வகுப்பே அவருக்கு நினைவூட்டியது. அன்றிலிருந்து தோற்றத்தில் ஒத்துப் பொருளில் மாறும் சொற்களுக்கென்று அந்த வகுப்பு ஒரு தனி ஏடு வைத்துக்கொண்டது. ஆக்சுவலி என்பது அவர்களுக்குத் தற்போது என்பதாகவும், அஸிஸ்ட் என்பது கலந்துகொள்ளுதல் என்பதாகவும் தோன்றும் என்பது போன்றவற்றை ஒவ்வொன்றாக எழுதி நிரப்பினோம்.

இவற்றையெல்லாம் காண ஸ்பானியம் ஓரளவேனும் தெரிந்திருக்க வேண்டும். வேலை விளம்பரங்களில் அதைப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே பேசச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் மாணவரின் பிழை எந்த வேரிலிருந்து முளைக்கிறது என்று தெரிந்த ஆசிரியர் அதை ஒரே வாக்கியத்தில் திருத்திவிடுவார். வீட்டு வாடகை ஒப்பந்தம், குடியேற்ற அலுவலகம், பெற்றோர் சந்திப்பு ஆகியவற்றுக்கும் அது வேண்டும். புறப்படுமுன் ஏ2 நிலை வரை கற்றுக்கொள்ளுங்கள். இன்ஸ்டிடியூட்டோ செர்வாண்டஸ் நடத்தும் டெலே தேர்வில் அந்த நிலைக்குச் சான்றும் பெறலாம். நீ, நீங்கள் என்னும் வேறுபாடு அவர்களிடமும் உண்டு என்பதால் மரியாதையில் தவற மாட்டீர்கள். பொகோட்டாவில் நெருங்கிய நண்பர்கள்கூட ஒருவரையொருவர் நீங்கள் என்றே அழைத்துக்கொள்வதைக் கேட்கும்போது நமக்கு இன்னும் இயல்பாக இருக்கும்.


மாலை வகுப்பு எழுதியது:

சொல்லேர் சொன்னதைப் படித்தபின் ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. டிரினிட்டியின் பயிற்சியில், ஆசிரியராக வருபவர்களைத் தமக்கு முற்றிலும் தெரியாத ஒரு மொழியின் தொடக்க வகுப்பில் மாணவர்களாக உட்கார வைத்து, அந்த அனுபவத்தை எழுதச் சொல்வார்கள். நீங்கள் ஸ்பானியம் கற்கத் தொடங்கும் முதல் சில வாரங்களில், உங்களுக்கு எது விளங்கியது, எந்த இடத்தில் ஆசிரியர் வேகமாகப் போனார், எப்போது கேட்கக் கூச்சமாக இருந்தது என்று நீங்களே ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.

பள்ளிகள் நேர்காணலோடு ஒரு மாதிரி வகுப்பும் நடத்தச் சொல்லும்; பெரும்பாலும் இருபது நிமிடம், இணையவழியில். அதற்கு ஒரு பாடத் திட்டத்தை இப்போதே ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் பேசப்போகும் நிமிடங்களை ஒரு பக்கமும் மாணவர்கள் பேசப்போகும் நிமிடங்களை மறுபக்கமும் குறியுங்கள். முடிந்தால் இங்கே பதிவிடுங்கள். நான் பார்த்துச் சொல்கிறேன்.